சரக்குக்குப் பில் இருக்கிறது, கட்டிடத்துக்கு இருக்கிறதா?



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் பில் கேட்கிறவர்கள் நாம். பில் இல்லாத சரக்கை லாரியில் ஏற்றினால் வழியில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எடைச்சீட்டு, லாரி ரசீது, இ-வே பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், தொழில் உரிமம் என்று எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனால், இந்தச் சரக்கையெல்லாம் இறக்கி வைத்திருக்கும் கட்டிடத்தின் அனுமதிப் பிளான் எங்கே என்று கேட்டால், பத்து பேரில் எத்தனை பேரால் பீரோவைத் திறந்து எடுத்துக் காட்ட முடியும்?

"பாட்டன் காலத்துக் கட்டிடம், யார் கேட்கப் போகிறார்கள்?" என்பதே நம்மில் பலருடைய பதில். இன்று கேட்கிறார்கள். வங்கி கேட்கிறது, நீதிமன்றம் கேட்கிறது, தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியும் கேட்கிறது. பாகப்பிரிவினை என்று வந்தால் சொந்தத் தம்பியே கேட்கிறார். ஆகவே, கட்டிட அனுமதியை மாநகராட்சிக்குக் கட்டும் தண்டச் செலவாக எண்ணாமல், நம்முடைய முதலீட்டுக்கான பில்லாகக் கருத வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் ஊரின் நிலை

பெரிய கடை வீதியிலும் சின்னக் கடை வீதியிலும் கீழே கடை, மேலே வீடு, பின்னால் குடோன் என்பது தலைமுறைகளாக உள்ள ஏற்பாடு. பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒட்டியே நிற்கும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி வீடுகள் வேறு விதமானவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று உள்ளே நீண்டுகொண்டே போகும். அந்தத் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டுக் கடையாக்குவதும், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவதும், பக்தர்கள் தங்க அறைகள் கட்டுவதும் சென்ற முப்பது ஆண்டுகளில் நம் கண் முன்னே நடந்தவை.

திருச்சி 1866-லேயே நகராட்சியான ஊர். ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாக இருந்தன. 1994-ல் மூன்றும் சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. ஆகவே, 1994-க்கு முன் கட்டியவர்களின் அனுமதி அந்தந்த நகராட்சி, 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி கொடுத்ததாக இருக்கும். அந்தக் காகிதம் பல வீடுகளில் கரையான் தின்று போயிற்று. சில வீடுகளில் மூத்த பிள்ளையின் பெட்டியில் இருக்கிறது. சில வீடுகளில் வாங்கவே இல்லை.

இன்று நடைமுறையில் இருப்பவை முக்கியமாக மூன்று. நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினுடையது. எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்ற அளவுகளைச் சொல்வது, 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். சென்னைக்கு ஒரு விதி, மற்ற ஊர்களுக்கு வேறு விதி என்றிருந்த நிலை இந்த விதிகளால் மாறி, மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி ஆயிற்று.

எதற்கு அனுமதி வேண்டும்?

வெள்ளையடிப்பது, பெயின்ட் அடிப்பது, பூச்சு வேலை, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, உடைந்த ஓட்டை எடுத்து வேறு ஓடு போடுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. இதற்கெல்லாம் யாராவது வந்து மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

புதிதாகக் கட்டுவது, மேலே இன்னொரு தளம் எழுப்புவது, இடித்துவிட்டு மறுபடி கட்டுவது, அளவைக் கூட்டுவது ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். இவற்றோடு நாம் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கட்டிடத்தை உபயோகிக்கும் முறையை மாற்றுவதும் "வளர்ச்சி" என்ற சொல்லுக்குள் அடங்கும். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் வீட்டைக் கடையாக்கினாலும், கடையைக் குடோனாக்கினாலும் அனுமதி வேண்டும் என்பதே இதன் பொருள். நம்மில் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சாதாரணக் கட்டிடம் என்றால் 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்டது. தளப்பரப்புக் குறியீடு பொதுவாக 2. அதாவது, 1000 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் கூட்டினால் 2000 சதுர அடி வரை வரலாம். ஆனால், முன்னாலும் பக்கங்களிலும் விட வேண்டிய இடம், தெருவின் அகலம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் உட்பட்டுத்தான் இந்தக் கணக்கு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெருக்களைத் தொடர் கட்டிடப் பகுதி என்று சொல்வார்கள். அங்கே பக்கவாட்டு இடம் விடுவதில் தனிச் சலுகை உண்டு. நம் தெரு அந்த வகையில் சேர்ந்ததா என்று மேஸ்திரியிடம் கேட்டால் போதாது. பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வரி ரசீது அனுமதி ஆகாது

எனக்குத் தெரிந்த ஸ்ரீரங்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், மழைக்கு ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட வங்கிக் கடனுக்கு எழுதிப் போட்டார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் வேலையை முடித்துவிட எண்ணம். மதிப்பீடு செய்ய வந்த பொறியாளர் அனுமதிப் பிளானைக் கேட்டிருக்கிறார். இவர் அப்பா காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த சொத்து வரி ரசீதுகளை ஒரு கட்டாக எடுத்து வைத்தார். காரியம் நடக்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணே, நாற்பது வருஷமா வரி வாங்கியிருக்காங்களே, அப்ப கட்டிடம் இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?" என்று கேட்டார்.

"தம்பி, கட்டிடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். அதை முறைப்படி கட்டினீர்கள் என்று ஒத்துக்கொள்ளவில்லையே" என்றேன்.

பிறகு பழைய நகராட்சிப் பிளான் நகல் ஒன்று அவருடைய சித்தப்பா வீட்டில் கிடைத்தது. அதில் முன்பக்கம் திண்ணையும் கூடமும்தான் இருந்தன, கடை இல்லை. உபயோக மாற்றத்துக்கு எழுதிப் போட்டு, புதுப் பிளான் போட்டு, கடன் கைக்கு வருவதற்குள் ஏகாதசி முடிந்துவிட்டது. அந்த வருடம் நனைந்த சரக்கும் போயிற்று, சீசன் வியாபாரமும் போயிற்று.

சொத்து வரி என்பது இருக்கும் கட்டிடத்துக்குப் போடும் வரி. மின் இணைப்பும் தொழில் உரிமமும் அப்படித்தான். இவற்றில் எதுவும் கட்டிட அனுமதி ஆகிவிடாது. 2022-ல் சொத்து வரியைச் சீரமைத்தபோது, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வணிகக் கட்டிடங்களுக்கு நூறு சதவீதம் உயர்ந்தது. உயர்ந்த வரியைக் கட்டிவிட்டதாலேயே கடை சட்டப்படி ஆகிவிட்டது என்று எண்ணுவது தவறு.

இதை உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சாஸ்திரி நகரில், குடியிருப்புக்காக ஒதுக்கிய மனையில் கடைகளைக் கட்டி, பல ஆண்டுகள் வியாபாரம் நடந்து வந்தது. 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பல வருடம் ஆகிவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை, நிறையப் பணம் போட்டுவிட்டோம் என்பதெல்லாம் அனுமதியில்லாக் கட்டிடத்தை நியாயப்படுத்தாது என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். பணி முடிப்புச் சான்று பார்த்துத்தான் மின்சாரம், குடிநீர் இணைப்புக் கொடுக்க வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்றும் நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டார்கள். 2025 அக்டோபரில் அந்தக் கடைகள் இடிக்கப்பட்டன. இடிபட்டவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகளே.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை தியாகராய நகரில் 2011 தீபாவளி முடிந்த கையோடு, அக்டோபர் 31 அன்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறல் கட்டிடங்களில் இருந்த பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே சரக்கு, வெளியே முதலாளியும் வேலையாட்களும். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்த பிறகுதான் பொங்கல் வியாபாரத்துக்குக் கதவு திறந்தது. பெரிய முதலாளிகள் தாக்குப் பிடித்தார்கள். நம்மைப் போன்றவர்களின் கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் மறுபடி எழுந்திருக்க முடியுமா?

"எப்படியும் வரன்முறைத் திட்டம் வரும், அபராதம் கட்டிக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2017-ல் அரசு கொண்டுவந்த வரன்முறை, 2007 ஜூலை 1 அல்லது அதற்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கு மட்டுமே. அதற்குப் பின் கட்டியவர்கள் அதை நம்பிக்கொண்டிருப்பது, குலுக்கல் சீட்டை நம்பிக் கடன் வாங்குவதற்குச் சமம்.

மலைக்கோட்டையைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கு

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மலைக்கோட்டையின் குடைவரைக் கோயில்கள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர்.

முதல் 100 மீட்டருக்குள் தனியார் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள கட்டிடத்தைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டலாம். ஆனால், தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று முதலில் வேண்டும். மாநகராட்சி அனுமதி மட்டும் இருந்தால் போதாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மலையை ஒட்டிய வீதிகளில் எந்தக் கதவிலக்கம் எந்த வட்டத்துக்குள் வருகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அந்தப் பக்கம் இடம் வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய கட்டிடத்தை, இடித்துக் கட்டலாம் என்ற எண்ணத்தில் வாங்கினால் பணம் முடங்கிப் போகும். அதுபோலவே ஸ்ரீரங்கத்தில் அடிமனை யாருடையது என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மனைக்கு உரிமை தெளிவாக இல்லாமல் பிளான் பாஸ் ஆகாது.

காகிதம் மட்டுமா, உயிரும்தான்

விதி என்றாலே தொல்லை என்று பேசுகிறோம். ஆனால் 2004-ஆம் ஆண்டை ஸ்ரீரங்கத்தார் மறக்க மாட்டார்கள். அந்த வருடம் ஜனவரி 23 அன்று, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாடியிலிருந்து எல்லோரும் இறங்குவதற்குப் போதுமான வழி இல்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். இரண்டு இடங்களிலும் உயிரைக் குடித்தது கீற்றுக் கூரையும் வெளியே வர வழியில்லாமையும்.

இப்போது நம் கடைகளைப் பார்ப்போம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, அதற்குள் அட்டைப் பெட்டியும் சாக்கும் பிளாஸ்டிக் சாமானும். மாடிப்படியில் பாதி அகலத்துக்கு எண்ணெய் டின்கள். பின்கட்டு வாசலை மறைத்து மூட்டை அடுக்கு. மாடியில் பெண்டு பிள்ளைகள். தெருவோ தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெரு. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பிடித்த தீயை அவ்வளவு அகலமான சாலையிலேயே எளிதில் அணைக்க முடியாமல், கடைசியில் கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. நம் தெருவில் என்ன ஆகும்? படி இவ்வளவு அகலம் இருக்க வேண்டும், இவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி சொல்வது நம்மை வாட்ட அல்ல. படியில் இருக்கும் டின்னை இன்றைக்கே எடுப்பதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை.

மழைநீர் சேகரிப்பும் அப்படித்தான். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். பக்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் நம் கிணறும் போர்வெல்லும் படும் பாடு தெரிந்ததே.

சொந்த வீடு கட்டுவோருக்கு நல்ல செய்தி

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், 3500 சதுர அடிக்கு மிகாமல், தரைத் தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டும் குடியிருப்புக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். யாரும் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடக் காத்திருக்க வேண்டியதில்லை. பணி முடிப்புச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. சுயசான்று என்றால் சொன்னது உண்மை என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். பொய் சொன்னால் பொறுப்பும் நம்முடையதே. இரண்டாவது, இது குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று அனுமதி வாங்கி, கிருகப்பிரவேசம் ஆன மறுமாதமே முன் அறையில் ஷட்டர் போட்டால், மீரட் கதை நம் கதை ஆகிவிடும்.

அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை

குறை நம் பக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். முறையாக விண்ணப்பிக்கிறவனை அலைய விடுவதும், குறுக்கு வழியில் போகிறவனுக்குக் கதவு திறப்பதும் நாடறிந்த விஷயம். ஒரு குறையை முதல் தடவையே சொல்லாமல் தவணை முறையில் சொல்வதால்தான் புரோக்கர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. நூறு வருடத்துத் தெருவில் இன்றைய புறநகருக்கான வாகன நிறுத்த அளவைக் கேட்டால், விதியை மதிக்க நினைப்பவனும் மீறத்தான் செய்வான்.

நமக்கும் பாதுகாப்பு உண்டு. இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அறிவிப்புக் கொடுத்து, விளக்கம் கேட்க வேண்டும் என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தெரு, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றை ஆக்கிரமித்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சாக்கடை மேல் படி கட்டி, அதற்கு மேல் மூட்டை அடுக்கியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நமது சங்கத்தின் சார்பில் கீழ்க்கண்ட கோரிக்கைகளை எழுப்பலாம் என்பது என் யோசனை:

1. பழைய திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளின் கட்டிட அனுமதிப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தி, கேட்பவருக்கு நகல் கிடைக்கச் செய்ய வேண்டும்.

2. மலைக்கோட்டையைச் சுற்றி எந்தக் கதவிலக்கம் எந்த எல்லைக்குள் வருகிறது என்ற பட்டியலைக் கோட்ட அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும்.

3. பழைய கடை வீதிகளுக்குத் தனி வாகன நிறுத்தம் அமைத்து, ஒவ்வொரு சிறு கடையிடமும் அதைக் கேட்பதை நிறுத்த வேண்டும்.

4. விண்ணப்பத்தில் உள்ள குறைகளை ஒரே தடவையில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது

ஒவ்வொரு வணிகரும் கட்டிடத்துக்கு ஒரு கோப்பு போடுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது டி.எஸ்.எல்.ஆர். நகல், அனுமதிக் கடிதம், கையெழுத்தும் முத்திரையும் உள்ள பிளான், பணி முடிப்புச் சான்று, வரி ரசீது, மின் அட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிளான் தொலைந்திருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மாநகராட்சிக்கு மனு எழுதி நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பிளானில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று ஒரு பொறியாளரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். வாடகைக் கடைக்காரர்களும் ஒப்பந்தம் போடும் முன் கட்டிட உரிமையாளரிடம் அனுமதி நகலைக் கேட்டு வாங்க வேண்டும். சீல் வைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் சரக்குதான்.

வருடா வருடம் சரக்கு இருப்பைச் சரிபார்க்கிறோம், கணக்கு முடிக்கிறோம். அந்தக் கணக்கோடு இந்தக் கோப்பையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்த தலைமுறை நம் கடையோடு வழக்கையும் சேர்த்து வாரிசாகப் பெறாது.